இங்கே அதைப் பேசலாம்

லோரெத் வீட்டில் தங்க வருகிற இங்கிலீஷ்காரர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. வெளிப்படிக்கட்டு ஏறி வந்து மணியடித்து, கதவு திறந்ததும் முதல் வார்த்தையாக, பிரெஞ்சில் வணக்கம் என்று, 'போன்ழூர்' சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அவள் பதிலுக்குச் சொல்லும்வரை நிற்க வேண்டும். அதற்கப்புறம் அவர்கள் வாயிலிருந்து என்ன பாஷை வந்தாலும் அவளுக்கு அக்கறை இல்லை. எடுத்த எடுப்பில் 'ஹலோ' என்று ஆரம்பித்தவர்கள் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படும். பனியில் பெட்டியோடு அவர்கள் விழித்துக்கொண்டு நிற்க, உள்ளே அவள் புருஷன் ஓரேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

"போதும் மகராசி. தெறந்து விடு. மூக்கு உறைஞ்சு உதிர்ந்துறப் போவுது அவனுக்கு."

"உதிரட்டும். அடுத்தவன் வீட்டுக்கு வாரவனுக்கு ஒரு வார்த்தை தெரியாண்டாமா?"

ஓரேல் கதவை லேசாகத் திறந்து தலையை மட்டும் நீட்டி, இங்கிலீஷில் குழைவாக ஏதோ சொல்வார். வந்தவர்கள் முகம் தெளியும். கோணல்மாணலாக அந்த வார்த்தையைச் சொல்வார்கள். லோரெத் பெரிய மனசு பண்ணிப் பெட்டியை வாங்கிக்கொள்வாள். அவர்கள் ஊருக்குப் போய்ச் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிக்கிற கதை இது என்று அவளுக்குத் தெரியும். நன்றாகச் சொல்லட்டும் என்றுதான் நினைப்பாள்.

இங்கிலீஷ் ஓரேல் பொறுப்பு. மலைச்சரிவில் இருந்த இங்கிலீஷ் கனவான்களின் மன்றத்தில், சாப்பாட்டு அறையில் பரிமாறுகிற வேலையில் அவர் தலை நரைக்கும்வரை இருந்தார். வீட்டுக்காரன், எரிவாயுக்காரன், தங்க வருகிறவர்கள் எல்லோரையும் அவரே பார்த்துக்கொள்வார். அடுப்பு, சலவை, படிக்கட்டில் உறைபனி தட்டி உப்புத் தூவுவது, பனி நாளிலும் சந்துப் பக்கம் கப்பி இழுத்துத் துணி காயப்போடுவது அவள் பாடு. இவ்வளவு காலத்தில் இங்கிலீஷ் தெரியாத குறையை அவள் உணர்ந்ததே இல்லை.

சனவரி மாதம் ஒரு காலையில், பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்த ஓரேல் நிமிரவில்லை. வலது கை தொங்கிவிட்டது. பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கழித்து வாய் திறந்தபோது லோரெத் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வந்தது இங்கிலீஷ். மெதுவாக, தெளிவாக, மரியாதையாக, முழுக்க முழுக்க இங்கிலீஷ்.

"அபூர்வமா இப்படி ஆகும்," என்றார் டாக்டர். "பொறந்ததுலேருந்து பேசினது அழிஞ்சுபோய், பின்னால கத்துக்கிட்டது தங்கிடும். நான் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன், பாத்ததில்லை."

"பழசு திரும்பி வருமா?"

"வரலாம்மா. வராமலும் போகலாம்."

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று கீழ்வீட்டு பியெரெத் படியேறி வந்தாள். புகையிலைத் தொழிற்சாலையில் இலை பிரித்துப் பிரித்து விரலெல்லாம் பழுப்பேறிய பொம்பளை. வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"ஏட்டி லோரெத், நெசமாவா? தனிநாடு கேட்டு வாக்கெடுப்பு நடந்த வருசத்துல பால்கனியில நம்ம நீலக்கொடியக் கட்டினதே இவருதாம்லா. இப்ப இவரு வாயில இங்கிலீஷ் ராணி வந்து உக்காந்துக்கிட்டாளா?"

"கத்தாதட்டி. தெரு பூரா கேக்கும்."

"நானும் இங்கிலீஷ் தெரிஞ்சவதான். எங்க மேஸ்திரி பேசுவான். நவுரு, நான் கேக்கேன்." பியெரெத் கட்டிலருகே போய் இடுப்பில் கைவைத்து, தனக்குத் தெரிந்த மூன்று வாக்கியங்களையும் சொன்னாள். சீக்கிரம் ஆகட்டும், புகைபிடிக்காதே, கையை எடு. ஓரேல் பதறி எழுந்திருக்கப் பார்த்தார். "யெஸ் சார், யெஸ் சார்" என்று போர்வைக்குள் கால் தேடினார். லோரெத் அவளைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

வைதாவது பேசமாட்டாரா என்று அவள் ஏங்கினாள். அந்தத் தெருவில் வசவு என்றால் கோயில் சாமான்தான். திருப்பலிக் கிண்ணம், நற்கருணைப் பேழை, குரிசு என்று வரிசையாக இழுப்பார்கள். அந்த வித்தையில் ஓரேலை மிஞ்ச ஆளில்லை. சுத்தியல் நழுவினால் ஒரு பூசையே முடிந்துவிடும். லோரெத் அவர் பின்னால் நின்று இரும்பு வாணலியைக் கீழே போட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் நம்ம பையன்கள் கேவலமாகத் தோற்றபோது டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தாள். அவர் வாணலியை எடுத்து மேலே வைத்துவிட்டு அவளைப் பார்த்துத் தலைதாழ்த்தினார். தோற்றவர்களைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

அந்தப் புன்னகைதான் அவளைக் கொன்றது. விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஒரு எட்டுத் தள்ளி நிற்கிற சிரிப்பு.

பொழுது சாய்ந்தால் வேறு தொல்லை. மன்றத்தில் ராச்சாப்பாட்டுக்கு ஆயத்தமாகிற நேரம் அது. எங்கிருந்தாலும் எழுந்து, இடது கையால் கோட்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவார். ஒரு நாள் அவள் பின்பக்கம் விறைத்துப்போன படுக்கை விரிப்புகளைக் கொடியிலிருந்து பிய்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் முன்கதவு திறந்துவிட்டது. இரும்புப் படிக்கட்டு முழுக்கக் கண்ணாடியாய் ஐஸ். வேலையிலிருந்து வந்த பியெரெத் கீழே நின்று அவர் இடுப்பைத் தாங்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள்.

"லோரெத்! பாவி, எங்கன போய்த் தொலைஞ்ச? இவரு வந்து என்மேல வுழுந்தா நாளைக்கு ரெண்டு சவப்பெட்டி சொல்லணும்ட்டி!"

அதற்கப்புறம்தான் வட்டாரச் சுகாதார மையத்திலிருந்து ஷாந்தால் என்கிற ஊழியர் போன் செய்தாள். முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகிறது. வியாழக்கிழமை வந்து ஓரேலையே கேட்டுவிடலாம். அவர் விருப்பம் முக்கியம்.

அவர் விருப்பம். லோரெத் அந்த வார்த்தையையே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். வைத்துக்கொள்ள உடம்பில் தெம்பில்லை. இடுப்பு எலும்பு ராத்திரியெல்லாம் குத்துகிறது. அனுப்புவதற்கும் மனசு வரவில்லை. அவராக ஒரு வார்த்தை, இரு என்றோ விடு என்றோ சொல்லிவிட்டால் எதுவானாலும் தாங்கிக்கொள்வாள். அவர் ஏதோ சொல்லவும் செய்கிறார். அந்தி நேரத்தில், கோட்டைத் தேடுவதற்கு முன்னால், அவள் எதிரில் வந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, தாழ்ந்த குரலில் ஆரம்பித்து, கடைசியில் இல்லையில்லை என்று தலையாட்டி முடிக்கிற ஒரு நீளமான பேச்சு. தினமும் அதே பேச்சு. அதன் ராகம்கூட அவளுக்கு மனப்பாடம். கண்ணைப் பார்த்தே சொல்லுகிறார். அது தனக்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வாரம் முன்னறையில் தங்கியிருந்தவள் ஐலீன். கோதுமை வயல்களைத் தவிர வேறெதுவும் இல்லாத மேற்குச் சமவெளியிலிருந்து வந்தவள். பள்ளி நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். கதவைத் திறந்ததும் 'போன்ழூர்' சொன்னதோடு நிற்காமல், மூச்சுப் பிடித்துக்கொண்டு, எழுதி வைத்துப் படித்ததுபோல ஒப்பித்தாள்.

"வணக்கம், அம்மையே. தங்கள் இல்லத்தில் தங்குவதில் நான் பெருமகிழ்ச்சி அடைகிறேன். தயைகூர்ந்து என்னுடன் மெதுவாகப் பேசுவீராக."

லோரெத்துக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே, பின்னால் நின்று சிரிக்க ஆளில்லை என்பதும் உறைத்தது.

ஐலீன் பெரிய பிடிவாதக்காரி. இந்த ஊரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தாள். கடைக்குள் நுழைந்தால் முதலில் வணக்கம் சொல். உன் பாஷை அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டு ஆரம்பிக்காதே. உரக்கப் பேசாதே. தப்பாக இருந்தாலும் அவர்கள் பேச்சிலேயே முயற்சி செய். இவள் அத்தனையும் செய்தாள். ஆனால் இவள் வாயைத் திறந்ததுமே ரொட்டிக்கடைப் பெண்ணும் தபால்காரனும், பாவம் சிரமப்படுகிறாளே என்று இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். பத்துப் பேர் உட்கார்ந்த மேசையில் ஒரு இங்கிலீஷ்காரர் வந்து உட்கார்ந்தால் பத்துப் பேரும் அவருக்காக மாறிவிடுவார்கள். அது மரியாதை என்று இவர்கள் நினைப்பு. ஐலீனுக்கு அது கதவை முகத்தில் சாத்துவதுபோல.

"இந்த இல்லத்தை நான் தேர்ந்தெடுத்தேன்," என்றாள் காலைச் சாப்பாட்டின்போது, வறுத்த ரொட்டியில் பன்றிக்கறி விழுதைத் தடவிக்கொண்டே. "ஏனெனில் சுற்றுலா அலுவலகம் உரைத்தது, இவ்வம்மையாருக்கு ஆங்கிலம் அறவே இல்லை."

"அறவே இல்லதான்," என்று லோரெத் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள்.

பின்னறையிலிருந்து ஓரேலின் குரல் கேட்டது. ஐலீன் சட்டென்று குனிந்து ரொட்டியைப் பார்த்துக்கொண்டாள். வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். அவர் பேச ஆரம்பித்தால் இவள் காது கேட்காதவள்போல ஆகிவிடுவாள், அல்லது எழுந்து தன் அறைக்குப் போய்விடுவாள். ஏன் என்று லோரெத்துக்குப் புரியவில்லை. சீக்காளியைப் பார்க்கக் கூச்சம் போல என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் பியெரெத் உப்புக்கண்டம் போட்ட பட்டாணி சூப்பில் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, உனக்கு மூளை இருக்கா? வீட்டுக்குள்ள ஒரு இங்கிலீஷ்காரிய வச்சுச் சோறு போடுத. புருசன் என்ன சொல்லுதாருன்னு தெரியாம அழுத. அவள்ட்ட கேட்டா என்ன?"

"கேக்கணும்னு இருக்கு. எங்க கேக்க? அவ நம்ம பேச்சுதான் பேசுவேன்னு விரதம் இருக்கா."

"விரதத்த முடிக்கச் சொல்லு. உசுருக்குப் போராடுதவன்ட்ட என்னட்டி விரதம்?"

"இத்தனை வருசமா வாசல்ல நிறுத்தி வச்சு, நம்ம பேச்சப் பேசுனு சொன்னவ நானு. இப்ப நானே போயி, உன் பேச்சப் பேசும்மான்னு…"

"ஆமா, பேசும்மான்னு சொல்லு. எந்தச் சாமி வந்து உன் நாக்கப் புடுங்கிரும்?"

நாலு மணிக்கு ஐலீன் வெளியே சுற்றிவிட்டு வந்து பூட்ஸ் பனியைத் தட்டினாள். வானம் சாம்பலாய் இறங்கிவிட்டது. பின்னறையில் கட்டில் கிறீச்சிட்டது. லோரெத் ஐலீனின் கையைப் பிடித்தாள்.

"இங்கிலீஷ்," என்றாள். "இங்கிலீஷ்ல பேசுங்க."

ஐலீனின் முகம் விழுந்துவிட்டது.

"மன்னிக்கவும்," என்றாள். "என் பிரெஞ்சு தங்களைக் களைப்படையச் செய்கிறதா?"

"ஐயோ, அது இல்ல. நல்லாப் பேசுதீங்க. இப்ப எனக்கு இங்கிலீஷ் வேணும்."

"ரொட்டிக்கடையில். தபாலகத்தில். இப்போது இங்கேயும்." கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "தங்கள் கணவர்கூட. நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது. உடனே அவர் ஆங்கிலம் பேசுகிறார், எனக்காக. நான் கேளாதவள்போல இருக்கிறேன். ஏனெனில் நான் பதில் கூறினால் அவர் மேலும் பேசுவார்."

லோரெத்துக்கு மெல்லத்தான் அவள் சொன்னது உறைத்தது. இவளுக்காகவாம். இவள்மேல் இரக்கப்பட்டு ஓரேல் இங்கிலீஷ் பேசுகிறாராம்.

"அம்மா," என்றாள், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி. "அவருக்கு. வேற பேச்சு. இல்ல." நெற்றிப்பொட்டில் விரலால் தட்டிக் காட்டினாள். கையை விரித்தாள். "நம்ம பேச்சு போயிருச்சு. அவரு சொல்லுதது எனக்குப் புரியல. என் புருசன் சொல்லுதது எனக்குப் புரியல."

ஐலீன் வாயில் கைவைத்துக்கொண்டாள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

ஓரேல் அடுப்படி நடுவில் வந்து நின்றிருந்தார். புதுப் பெண்மணியைப் பார்த்ததும் குதிகால் இரண்டையும் சேர்த்து நிமிர்ந்தார். தொங்குகிற வலது கையை இடது கையால் எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஐலீன் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ கேட்டாள். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. பேசினார். எவ்வளவு பேசினார்! லோரெத் ஐலீனின் கையை விடவே இல்லை.

"என்ன? என்ன சொல்லுதாரு?"

"அவர் சொல்கிறார்: இன்று ஆட்டிறைச்சி மிக நன்றாக உள்ளது."

"ஆட்டிறைச்சியா? வேற?"

"அவர் கேட்கிறார்: தாங்கள் முதலில் சூப் அருந்துவீர்களா?"

"வேற சொல்லுதாரே, இன்னும் சொன்னாரே."

"சன்னலருகே காற்று வருகிறதென்றால் வேறு மேசை தருவதாகச் சொல்கிறார்." ஐலீனின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "தங்கள் மேலங்கியை வாங்கிக்கொள்ளட்டுமா என்கிறார்."

லோரெத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். இதெல்லாம் மேலே மிதக்கிற குப்பை, அடியில் வேறு இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சன்னலுக்கு வெளியே இன்னும் கொஞ்சம் இருட்டியது. ஓரேல் திரும்பி அவள் எதிரில் வந்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"இது. இந்தா, இதத்தான். இதக் கேளுங்க."

தாழ்ந்த குரலில் ஆரம்பித்தது. அதே ராகம். தலையாட்டலோடு முடிந்தது. அடுப்பில் சூப் கொதித்து மூடி தட்டியது.

"என்ன சொன்னாரு?"

"அவர்… மன்னிப்புக் கேட்கிறார்."

"என்ட்டயா? எதுக்கு?"

"தங்களிடம் அல்ல. ஒரு கனவானிடம்."

"என்னன்னு?"

"எனக்குச் சொற்கள் இல்லை," என்றாள் ஐலீன். சொற்கள் இருந்தன என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"சொல்லுங்கம்மா. தப்பாச் சொன்னாலும் சொல்லுங்க."

ஐலீன் தரையைப் பார்த்துச் சொன்னாள். "மன்னியுங்கள், ஐயா. இனி இவ்வறையில் அதைப் பேசமாட்டேன். அது என் வாய்தவறி வந்துவிட்டது. சமையலறையில்கூடப் பேசமாட்டேன். எனக்கு மனைவி இருக்கிறாள், ஐயா. இனி ஒருபோதும் வராது."

"எதப் பேசமாட்டாராம்?" கேட்கும்போதே லோரெத்துக்குத் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஓரேல் சொல்கிற கதை ஒன்று உண்டு. மன்றத்துச் சாப்பாட்டு அறையில் அவரும் இன்னொரு பரிமாறுபவரும் தங்களுக்குள் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டபோது ஒரு கனவான் முகம் சுளித்தாராம். இவர் நேரே அந்த மேசைக்குப் போய், "ஐயா, இது எங்க ஊரு, எங்க பேச்சு. காதுக்கு ஆகலேன்னா சொல்லுங்க, பஞ்சு கொண்டாரேன்" என்றாராம். வந்தவர்கள் எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். லோரெத்துதான் முதலில் சிரிப்பாள். அந்தக் கதையின் தைரியத்தில்தான் அவள் வாசலில் சட்டம் போட்டது.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவர் மேல் கோபம் வரவில்லை. இத்தனை வருஷமும் அந்த மனுஷன் மாலையில் படியேறி வந்து, கோட்டைக் கழற்றி, சத்தமாக வைது, சத்தமாகச் சிரித்து, இந்த அடுப்படியில் வாய் ஓயாமல் பேசியது எதற்கென்று இப்போது புரிந்தது. அங்கே பொத்தி வைத்திருந்ததையெல்லாம் இங்கே வந்து கொட்டியிருக்கிறார்.

வியாழக்கிழமை ஷாந்தால் வந்தாள். நல்ல பெண். குளிரில் சிவந்த மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஓரேலின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து பிரெஞ்சில் கேட்டாள். அவர் அவள் தலைக்கு மேலே சன்னலைப் பார்த்தார். பிறகு ஐலீனை விட்டு இங்கிலீஷில் கேட்கச் சொன்னாள். இல்லத்துக்குப் போக விருப்பமா?

"யெஸ் மேடம்," என்றார் ஓரேல் உடனே.

ஷாந்தால் லோரெத்தைப் பார்த்தாள்.

"இதுக்கு அர்த்தம் இல்லம்மா. மத்ததையும் கேக்கச் சொல்லு. என்கூட இருக்க விருப்பமான்னு கேக்கச் சொல்லு."

ஐலீன் கேட்டாள்.

"யெஸ் மேடம்."

"பாத்தியா? நிலாவுக்குப் போறீங்களான்னு கேளு, அதுக்கும் யெஸ்ஸுதான். அவரு வேலையில இருக்காரும்மா. வேலையில இருக்கவரு எதுக்கு நோ சொல்லப் போறாரு?"

ஷாந்தால் எழுந்து நின்றாள். "எனக்குப் புரியுதும்மா. ஆனா நான் என்ன செய்யறது? அவரால சொல்ல முடியலேன்னா நீங்கதான் சொல்லணும்."

"ஒரு நிமிசம் பொறு." லோரெத் ஐலீன் பக்கம் திரும்பினாள். ராத்திரியெல்லாம் கண் மூடாமல் இதைத்தான் யோசித்திருந்தாள். "நீங்க இங்கிலீஷ்காரவுக. நீங்க சொன்னா கேப்பாரு. இங்க அதப் பேசலாம்னு சொல்லுங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாகன்னு சொல்லுங்க. அனுமதி குடுங்க."

ஐலீனின் கழுத்துவரை சிவந்துவிட்டது. "நான் எப்படி அனுமதி அளிப்பேன்? தங்கள் இல்லம். அவருடைய மொழி."

"தெரியும். குடுங்க."

ஐலீன் அவர் எதிரில் போய் நின்றாள். கைகளைப் பிசைந்தாள். பிறகு நூலகத்தில் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரியோ என்னவோ, நிமிர்ந்து, நிதானமாக, இங்கிலீஷில் சொன்னாள். ஓரேல் கவனமாகக் கேட்டார். உதடு அசைந்தது. லோரெத் மூச்சை விடவில்லை. வாசல் விளிம்பில் நின்ற பியெரெத் குரிசு போட்டுக்கொண்டாள். ஒரு வசவு போதும். ஒரு பாதி வசவு.

ஓரேல் தலைதாழ்த்தி நாலு வார்த்தை சொன்னார். இங்கிலீஷில்.

"நன்றி, தாங்கள் மிகவும் அன்பானவர் என்கிறார்," என்றாள் ஐலீன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில போன் பண்றேன்," என்று ஷாந்தால் லோரெத்தின் தோளைத் தொட்டாள். "அதுவரைக்கும் அந்தப் படுக்கையை வச்சிருப்பாங்க. என்ன சொன்னாலும் தப்பில்லைம்மா."

எல்லோரும் போனபின் லோரெத் சூப்பை இறக்கி மூன்று கிண்ணம் வைத்தாள். ஐலீனை உட்காரச் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துவிட்டாள்.

"ஏ மனுசா, உக்காரு. ஆறிரும்."

அவர் உட்காரவில்லை. அவள் நின்றால் அவரும் நின்றார். சரியென்று அவள் உட்கார்ந்தால், அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தோளுக்கு மேலே அவர் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. மத்தியானமும் இப்படித்தான். நேற்றும். அவள் எழுந்து சன்னல் பக்கம் போகும்போதுதான் நின்றபடியே கிண்ணத்திலிருந்து அவசரமாக இரண்டு வாய் குடித்துக்கொள்வார், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று. லோரெத் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். குடிக்க முடியவில்லை.

"அம்மா, அவருக்குக் கால் வலிக்கும்," என்றாள் ஐலீனிடம். "வேலை முடிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க. இன்னைக்கு இவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம்னு சொல்லுங்க. அப்பவாவது உக்காருவாரு."

ஐலீன் சொன்னாள்.

அவர் தோள்கள் இறங்கின. முகமே மாறிவிட்டது. லோரெத் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள், வந்துவிட்டார் என்றே நினைத்து. அவர் இருவரையும் பார்த்துக் குனிந்து வணங்கினார். ஏதோ சொன்னார். சொல்லும்போது சிரித்தார். இது விருந்தாளிச் சிரிப்பு இல்லை. கடைவாய்ப் பல் தெரிய, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அவருடைய சொந்தச் சிரிப்பு. பிறகு ஆணியிலிருந்து கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தொப்பியையும் எடுத்துக்கொண்டு முன்வாசலை நோக்கி நடந்தார்.

லோரெத் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி, அவருக்கு முந்திப் போய்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். கதவின் குளிர் சட்டை வழியாக ஏறியது.

"என்ன சொன்னாரு? சிரிச்சாரே, என்ன சொன்னாரு?"

ஐலீன் கூடத்து நடுவில் நின்றாள். இந்த முறை ஒளிக்கவில்லை.

"அவர் சொல்கிறார்: மிக்க நன்றி, மேடம். நான் விரைந்து செல்ல வேண்டும். வீட்டில் என் மனைவி காத்திருக்கிறாள். நான் வராமல் அவள் உண்ணமாட்டாள். பிடிவாதக்காரி."

ஓரேல் வழிமறித்து நிற்கிற பெண்மணியைப் பார்த்தார். நகரச் சொல்லவில்லை. ஒரு பெண்மணியை நகரச் சொல்கிற ஆளில்லை அவர். தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவளாக வழிவிடட்டும் என்று பொறுமையாக நின்றார். வெளியே பனி அள்ளும் வண்டி கூவிக்கொண்டு தெரு முனையில் திரும்பியது.

"நாளைக்குக் காலையில அந்தப் பொண்ணு போன் பண்ணுவா," என்றாள் லோரெத், ஐலீனுக்குப் புரியட்டும் என்று மெதுவாக. "சரின்னு சொல்லப் போறேன்."

"சரி," என்றாள் ஐலீன். அந்த ஒரு வார்த்தையைத் தப்பில்லாமல் சொன்னாள்.

ஓரேலின் கோட்டுப் பித்தான்கள் மேலும் கீழுமாகத் தொங்கின. ஒற்றைக் கையால் அவருக்குப் போட வரவில்லை. லோரெத் கதவை விட்டு நகராமலே கையை நீட்டி, கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்துப் பித்தானைப் போட்டபோது அவர் தாடையை வசதியாக உயர்த்திக் கொடுத்தார்.

"தேங்க் யூ, மேடம்," என்றார்.